சுருங்கிய விடையும் சுருங்காத நிபந்தனையும்

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக விளங்கி, 1948ஆம் ஆண்டு மார்ச் மாதம் 3ஆம் தேதி இந்திய யூனியனோடு இணைந்து, பின்னர் 1974ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தனி மாவட்டமாகிய புதுக்கோட்டைக்கு, அதன் சமஸ்தானக் காலத்தில் சொந்தமாக ஒரு நாணயம் இருந்தது. ஒரு புறத்தில் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளின் திருவுருவமும், மறுபுறத்தில் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்னும் சொல்லும் பொறிக்கப்பெற்ற அந்தச் சின்னஞ்சிறு செப்புக் காசை மக்கள் அம்மன் காசு என்று வழங்கினர். 20 அம்மன் காசு ஓர் அணா. ஆகவே 16 அணா கொண்ட ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசு. நவராத்திரிக் காலத்தில் அரண்மனை சார்பில் அரிசி தானம் நடக்கும்போது அதனுடன் இந்தக் காசையும் சேர்த்து வழங்குவது மரபாக இருந்தது.

தானம் என்றால் பங்கீடு வரும். பங்கீடு என்றால் வகுத்தல் வரும். ஒரு ரூபாய்க்குரிய 320 காசுகளைச் சமமாகப் பங்கிடுவதாக வைத்துக்கொள்வோம். நால்வர் வந்தால் ஆளுக்கு 80. இருபதுபேர் வந்தால் ஆளுக்கு 16. எழுவர் வந்தால் ஆளுக்கு 45 கொடுத்ததுபோக 5 மிஞ்சும். வருவோரின் தொகை இன்னதென்று முன்கூட்டித் தெரியாதபோது அதனை ஓர் எழுத்தால் குறிப்பது பீஜகணிதத்தின் வழக்கம். பாஸ்கராசாரியர் முதலிய நம் பழைய ஆசிரியர்கள் அறியப்படாத ராசியை ‘யாவத்தாவத்’ என்று அழைத்து, அதன் முதலெழுத்தால் சுருக்கிக் குறித்தார்கள். நாமும் அதை ஒட்டி ‘ய’ என்றே வைத்துக்கொண்டால், ஒருவர் பங்கு 320/ய என்று ஒரே வரியில் அடங்கிவிடும். நால்வருக்கும் நானூறு பேருக்கும் பொதுவாகப் பேசும் இந்த வரியையே கணித நூலார் சார்பு என்கின்றனர்.

ஆனால் இந்த வரி எல்லா எண்களுக்கும் பேசுமா என்று கேட்டால், பேசாது. ‘ய’ என்னும் இடத்தில் இரண்டரை என்று வைத்தால் கணக்கு 128 என்று விடை தருகிறது. எனினும் இரண்டரை மனிதர் தானம் வாங்க வருவதில்லை. இந்தத் தடை கணக்கிலிருந்து வந்ததன்று. கணக்கு எந்த விஷயத்தைப் பற்றியதோ அந்த விஷயத்திலிருந்து வந்தது. ‘ய’ என்னும் இடத்தில் பூஜ்யத்தை வைத்தாலோ, விஷயம் எதுவாயினும் கணக்கே நின்றுவிடுகிறது. வகுத்தல் என்பது பெருக்கலின் மறுதலை. 320ஐ 4ஆல் வகுத்தால் 80 என்று நாம் துணிந்து சொல்வது, 80ஐ 4ஆல் பெருக்கினால் 320 திரும்பக் கிடைக்கிறது என்ற ஆதாரத்தின் மேல்தான். 320ஐப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டுமானால், பூஜ்யத்தால் பெருக்கும்போது 320 ஆகும் எண் ஒன்று வேண்டும். அத்தகைய எண் எங்கும் இல்லை. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கப் புகுந்தால் சங்கடம் வேறுவிதமானது: எந்த எண்ணைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பூஜ்யமே வருமாதலால், எல்லா எண்களும் விடையாகத் தகுதி பெற்று, எதுவும் விடையாக நிலைக்காமற் போகிறது. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் சொன்னபோது, பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் ஒன்றுதானா என்று கும்பகோணத்துப் பள்ளியில் சிறுவன் இராமானுஜன் கேட்டதாக அவருடைய சரித்திரத்தில் சொல்லப்படும் வினாவின் கூர்மை இங்கேதான் இருக்கிறது.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க நம் நாட்டார் பல நூற்றாண்டுகள் முயன்றிருக்கின்றனர். அந்த முயற்சியில் ஒரு கட்டம் புதுக்கோட்டைச் சீமையின் புகழ்பெற்ற சமணத் தலத்தோடு காலத்தால் ஒன்றுபடுகிறது. புதுக்கோட்டைக்கு வடமேற்கே உள்ள சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளத்தில் துறவிகளின் கற்படுக்கைகளும், அதே குன்றின் மறுபக்கத்தில் தாமரைத் தடாக ஓவியம் கொண்ட குடைவரைக் கோயிலும் இருப்பதைப் பலர் கண்டிருப்பர். அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டிய மன்னன் காலத்தில், அதாவது கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அந்தக் கோயிலைப் புதுப்பித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. ஏறக்குறைய அதே காலத்தில், கி.பி. 850ஐ ஒட்டி, இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் ஆதரவு பெற்ற மகாவீராசாரியர் என்னும் சமண ஆசிரியர் ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை இயற்றினார். இசைக்கும் நாடகத்துக்கும் மருத்துவத்துக்கும் சிற்பத்துக்கும் சமையலுக்குங்கூடக் கணிதம் வேண்டும் என்று தொடக்கத்திலேயே அதன் பெருமையை விரித்துப் பேசும் அந்த நூல், பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனரால் தெலுங்கில் ஆக்கப்பெற்றது. 1912ஆம் ஆண்டில் ம. ரங்காசாரியரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னை அரசாங்கத்தாரால் அச்சிடப்பெற்றது.

அந்நூலில் மகாவீரர், ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் அந்த எண் மாறாமல் அப்படியே நிற்கும் என்று விதிக்கிறார். இன்றைய மாணவன் நகைத்தற்குரிய விதி போலத் தோன்றினும், அதன் பின்னே ஒரு நியாயம் இருந்திருத்தல் கூடும். தானம் வாங்க ஒருவரும் வரவில்லையானால் 320 காசும் பையிலேயே கிடக்கும் அல்லவா? கிடக்கும் என்பது மெய்யே. ஆயினும் பையில் எத்தனை மிச்சம் என்பது ஒரு வினா. ஒருவருக்கு எத்தனை என்பது வேறொரு வினா. முதல் வினாவின் விடையை இரண்டாம் வினாவுக்கு ஈந்ததுதான் அவ்விதியின் பிழை.

மகாவீரருக்கு முன்பே, கி.பி. 628ஆம் ஆண்டில், பூஜ்யத்தை மற்ற எண்களோடு சேர்த்து வைத்து அதற்கும் கூட்டல், கழித்தல், பெருக்கல் விதிகளை ஒழுங்காக வகுத்துத்தந்த பிரம்மகுப்தர், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்றார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராசாரியர், பூஜ்யத்தைப் பகுதியாகக் கொண்ட ராசிக்குக் ‘கஹரம்’ என்று பெயரிட்டு, எத்தனை சேர்த்தாலும் எத்தனை நீக்கினாலும் மாறுதல் அடையாத அநந்தம் அது என்று வர்ணித்தார். அவரே லீலாவதி என்னும் தம் நூலில் விநோதமான கணக்கு ஒன்றைப் போடுகிறார்: ஏதோ ஓர் எண், அதைப் பூஜ்யத்தால் பெருக்கி, வந்ததோடு அதில் பாதியைக் கூட்டி, மூன்றால் பெருக்கி, பூஜ்யத்தால் வகுத்தால் 63 வருகிறது, அந்த எண் யாது? பெருக்கிய பூஜ்யத்தையும் வகுத்த பூஜ்யத்தையும் ஒன்றுக்கொன்று அடித்துவிட்டு, 14 என்று விடை காட்டுகிறார் பாஸ்கரர். 14உம் அதில் பாதியாகிய 7உம் சேர்ந்து 21. அதன் மும்மடங்கு 63. விடை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலும் கீழும் உள்ள பூஜ்யத்தை அடித்துவிட நமக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி எஞ்சுகிறது; இன்று பத்தாம் வகுப்பு மாணவன் விகிதமுறு கோவைகளைச் சுருக்கும்போது எதிர்ப்படுவதும் இதே கேள்விதான்.

இக்காலக் கணிதம் இதற்குக் கண்ட பரிகாரம் மிகவும் எளியது. ஒரு சார்பைச் சொல்லும்போதே, அதில் எந்தெந்த மதிப்புகளை இடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். இடத்தக்க மதிப்புகளின் கணத்தைப் பாடநூல்கள் மதிப்பகம் என்றும் சார்பகம் என்றும் வழங்குகின்றன. பகுதியைப் பூஜ்யமாக்கி விடுவதால் தள்ளப்படும் மதிப்புக்கு, பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் விலக்கப்பட்ட மதிப்பு என்று பெயர். வாய்பாடு மட்டும் சார்பு ஆகாது. வாய்பாடும் மதிப்பகமும் சேர்ந்ததே சார்பு. இந்த ஒரு சித்தாந்தத்தை மனத்தில் நிறுத்திக்கொண்டால், மற்றவை தாமே தெளிவாகும்.

இரண்டு சார்புகளைக் கூட்டும்போதும் கழிக்கும்போதும் பெருக்கும்போதும், இரண்டிற்கும் பொதுவான மதிப்பகம் எதுவோ அதுவே விடையின் மதிப்பகம். அச்செயல்கள் புதிய தடை எதையும் பிறப்பிப்பதில்லை. வகுத்தல் ஒன்றுதான் புதிய தடையை உண்டாக்கும் இயல்புடையது. (ய² + 1) என்பதை (ய − 1) என்பதால் வகுத்துப் பார்ப்போம். ஈவு (ய + 1); மீதி 2. ஆகவே விடை (ய + 1) + 2/(ய − 1). இங்கே மீதியின் அடியில் (ய − 1) கண்ணுக்குத் தெரிய நிற்பதால், ‘ய’ என்பது 1 ஆகக்கூடாது என்று எவருக்கும் நினைவு வரும். இனி (ய² − 9) என்பதை (ய − 3) என்பதால் வகுப்போம். ஈவு (ய + 3), மீதி பூஜ்யம். மீதி இல்லாமற் போனதால், வகுத்த கோவையின் சுவடும் விடையில் இல்லாமற் போய்விடுகிறது. (ய + 3) என்ற விடையை மட்டும் கண்டவர், அதில் எந்த எண்ணையும் இடலாம் என்றே எண்ணுவர். 3 இட்டால் 6 வரும் என்றும் சொல்வர். ஆனால் முதலிற் கொடுத்த கணக்கில் 3 இட்டால் வருவது பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கும் நிலை. ஆகவே 3 அங்கே விலக்கப்பட்டது. மாணவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது, கணக்கு மீதியின்றி அழகாக முடியும் இந்த இடத்திலேயே.

பின்னக் கோவையைப் பின்னக் கோவையால் வகுக்கும்போது கவனம் இன்னும் மிகுதியாக வேண்டும். வகுபடும் சார்பு (ய² − 9)/(ய + 2) என்றும், வகுக்கும் சார்பு (ய − 3)/(ய − 5) என்றும் கொள்வோம். பின்னத்தால் வகுப்பதென்றால் அதைத் தலைகீழாக்கிப் பெருக்குவது என்ற விதியைப் பின்பற்றி, (ய² − 9) என்பதை (ய − 3)(ய + 3) என்று காரணிப்படுத்தி, மேலும் கீழும் உள்ள (ய − 3) என்பதை நீக்கினால், (ய + 3)(ய − 5)/(ய + 2) என்ற சுருங்கிய விடை கிடைக்கும். இந்த விடையைப் பார்த்து, விலக்கப்பட்ட மதிப்பு −2 ஒன்றுதான் என்று முடிவு கட்டினால் அது மூன்றில் ஒரு பங்கு உண்மையே.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. வகுபடும் சார்பின் பகுதி எப்போது பூஜ்யமாகும்? ‘ய’ என்பது −2 ஆகும்போது. எனவே −2 விலக்கு. வகுக்கும் சார்பின் பகுதி எப்போது பூஜ்யமாகும்? ‘ய’ என்பது 5 ஆகும்போது. அப்போது வகுக்கும் சார்புக்கே மதிப்பு இல்லையாதலால், இல்லாத ஒன்றால் எதையும் வகுத்தல் இயலாது. எனவே 5உம் விலக்கு. வகுக்கும் சார்பின் தொகுதி எப்போது பூஜ்யமாகும்? ‘ய’ என்பது 3 ஆகும்போது, அப்போது வகுக்கும் சார்புக்கு மதிப்பு உண்டு, ஆனால் அந்த மதிப்பு பூஜ்யம், பூஜ்யத்தால் வகுக்கலாகாது, எனவே 3உம் விலக்கு. தலைகீழாக்கும்போது 5ஐத் தடுத்த கோவை பகுதியிலிருந்து தொகுதிக்கு ஏறிவிட்டது; சுருக்கும்போது 3ஐத் தடுத்த கோவை அடியோடு மறைந்துவிட்டது. வாய்பாடு சுருங்கிற்று, நிபந்தனை சுருங்கவில்லை. ஆகவே முழு விடை, (ய + 3)(ய − 5)/(ய + 2), இங்கே ‘ய’ என்பது −2, 3, 5 ஆகிய மூன்றும் அல்லாத எண், என்பதாகும்.

விலக்கப்பட்ட இம்மூன்று இடங்களும் ஒரே தன்மையன அல்ல என்பதும் அறியத்தக்கது. 3க்கு மிக அருகில் சென்று, 2.99 இட்டால் ஏறத்தாழ −2.413 வருகிறது, 3.01 இட்டால் ஏறத்தாழ −2.387 வருகிறது. இரு புறத்திலிருந்தும் நெருங்க நெருங்க மதிப்பு −2.4 என்னும் எண்ணையே நாடுகிறது. அந்த ஓர் இடத்தில் மட்டும் வரைபடத்தில் ஒரு புள்ளி இல்லை. 5இலும் அப்படியே, அங்கே நாடும் எண் பூஜ்யம். −2இல் நிலைமை வேறு: −1.99 இட்டால் ஏறத்தாழ −706 வருகிறது; −2.01 இட்டால் ஏறத்தாழ 694 வருகிறது. இன்னும் நெருங்கினால் ஒரு புறம் கீழேயும் மறுபுறம் மேலேயும் எல்லையின்றி ஓடுகிறது. முன்னது ஒரு புள்ளி விடுபட்ட துளை. பின்னது வரைபடமே பிளவுபட்ட இடம். லீலாவதிக் கணக்கில் பாஸ்கரர் கண்ட 14, துளையின் அருகே சென்று அங்கு மதிப்பு எதனை நாடுகிறது என்று பார்க்கும் முறைக்கு இணங்க அமைந்தது. அந்த முறைக்கு எல்லை மதிப்பு என்று பெயரிட்டு உறுதியான இலக்கணம் வகுத்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய கணித அறிஞர்கள். ஆயினும் நாடுகிறது என்பதும் இருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

சமன்பாடுகளைத் தீர்க்கும்போது இந்த நிபந்தனையை மறந்தால் நேரும் தீங்கு இன்னும் வெளிப்படையானது. 5(ய − 3) = 8(ய − 3) என்ற சமன்பாட்டில் இரு புறமும் உள்ள (ய − 3) என்பதை அவசரமாக அடித்துவிட்டால் 5 = 8 என்ற அபத்தம் எஞ்சும்; சமன்பாட்டின் ஒரே தீர்வாகிய 3 கைநழுவிப் போகும். (ய − 3) பூஜ்யம் அல்லாதபோதுதான் அதை அடிக்க உரிமை உண்டு. இங்கோ சமன்பாடு மெய்யாவதே அது பூஜ்யமாகும்போதுதான்.

வகுத்தலைப்போலவே மதிப்பகத்தைக் குறுக்கும் மற்றொரு செயல் வர்க்கமூலம். இவ்விஷயத்தில் மகாவீராசாரியர் சொன்னது முற்றும் சரியானது என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிட வேண்டும். மிகையெண்ணின் வர்க்கமும் குறையெண்ணின் வர்க்கமும் மிகையெண்ணே. ஆகையால் குறையெண் எதற்கும் வர்க்கம் ஆவதில்லை. எனவே அதற்கு வர்க்கமூலமும் இல்லை என்று அவர் தெளிவாக உரைத்தார். பிற்காலத்தில் கற்பனை எண்கள் வந்து அந்தக் கதவைத் திறந்தனவென்றாலும், மெய்யெண்களின் உலகத்துக்குள் அவர் விதி இன்றும் அசையாமல் நிற்கிறது. பூஜ்யத்தால் வகுத்தலில் தவறிய அதே ஆசிரியர், குறையெண்ணின் மூலத்தில் விடை இல்லை என்று சொல்லத் துணிந்தார். விடை இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்வதும் கணிதத்தில் ஒரு விடைதான்.

வர்க்கமூலமும் வகுத்தலும் ஒருங்கே வரும் கணக்குகளில் இரண்டு நிபந்தனைகளையும் பொறுமையாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். (ய − 7) இன் வர்க்கமூலம் வகுபடும் சார்பு. (ய − 2) இன் வர்க்கமூலம் வகுக்கும் சார்பு என்க. முன்னதற்கு ‘ய’ என்பது 7உக்குக் குறையலாகாது. பின்னதற்கு 2உக்குக் குறையலாகாது. பின்னது பூஜ்யமாதல் கூடாதாகையால் 2உம் ஆகாது. மூன்றையும் ஒருங்கே நிறைவேற்றும் மதிப்புகள் 7உம் அதற்கு மேற்பட்டவையும். ஆனால் ஒருவர், இரண்டு மூலங்களையும் ஒரே மூலக்குறிக்குள் அடக்கி, √((ய − 7)/(ய − 2)) என்று எழுதிவிட்டு அதற்கு மதிப்பகம் காணப் புகுந்தால் என்ன ஆகும்? ‘ய’ என்பது 1 என்று இட்டால் உள்ளே −6ஐ −1ஆல் வகுத்த 6 வருகிறது. அதற்கு மூலம் உண்டு. இவ்வாறு 2உக்குக் குறைந்த எண்கள் யாவும் புதிதாக உள்ளே நுழைந்துவிடுகின்றன. முதலில் கொடுத்த சார்புகள் இரண்டிற்கும் அந்த எண்களில் மதிப்பே இல்லை. வாய்பாட்டின் உருவத்தை மாற்றியதால் அன்னியரை வீட்டில் குடியேற்றியதாகும். ஆகையால் மதிப்பகத்தை எப்போதும் மூலக் கணக்கிலிருந்தே காண வேண்டும், மாற்றி எழுதிய கணக்கிலிருந்து அன்று.

இவையெல்லாம் தேர்வு மதிப்பெண்ணுக்காக வகுத்த நுணுக்கங்கள் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். 1997ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்னும் போர்க்கப்பலில், கணினியின் தரவுக் கட்டம் ஒன்றில் பணியாளர் ஒருவர் பூஜ்யத்தை உள்ளிட்டார். அந்த எண்ணால் வகுக்க முற்பட்ட நிரல் நிலைகுலைய, கப்பலின் கணினி வலையமைப்பு செயலிழந்து, உந்துவிசை அற்றுப்போய், கப்பல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கடலில் செயலற்று நின்றது. நிரல் எழுதியவர்கள் வகுக்குமுன் ‘பகுதி பூஜ்யமா?’ என்று ஒரு முறை கேட்டு வைத்திருந்தால் அந்தப் பெருங்கலம் நின்றிராது. இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் மின்வாரியத்திலும் ஓடும் நிரல்கள் ஒவ்வொன்றிலும் சராசரியும் விகிதமும் வீதமும் நொடிதோறும் கணிக்கப்படுகின்றன. அவை ஒவ்வொன்றும் ஒரு வகுத்தல். ஒவ்வொரு வகுத்தலுக்கும் ஒரு மதிப்பகம் உண்டு.

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்போர் ஒரு சிறு பழக்கத்தைக் கட்டாயமாக்கினால் இந்தப் பிழை பெரும்பாலும் ஒழிந்துபோகும். கணக்கைக் கையில் எடுத்தவுடன், காரணிப்படுத்துவதற்கும் தலைகீழாக்குவதற்கும் சுருக்குவதற்கும் முன்னரே, இரண்டு பகுதிகளும் வகுக்கும் சார்பின் தொகுதியும் எந்தெந்த மதிப்பில் பூஜ்யமாகும் என்று கண்டு, ஏட்டின் ஓரத்தில் எழுதிவைத்துவிட வேண்டும். வர்க்கமூலம் இருந்தால் உள்ளிருப்பது குறையெண் ஆகாத எல்லையையும் அங்கேயே குறித்துவிட வேண்டும். அதன்பின் எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்கலாம். இறுதியில் விடையின் பக்கத்தில் அந்த ஓரக் குறிப்பை எடுத்து எழுதாத மாணவனுக்கு, வாய்பாடு சரியாக இருந்தாலும் முழு மதிப்பெண் கொடுக்கலாகாது என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில் அவன் எழுதியது பாதி விடையே.